ரோமானியக் கள்ளக்காசும் ஓட்டைக்காசும்: சேகரிக்க நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

பழைய ரோமானிய நாணயம் சேகரிக்கிறேன் என்றால் யாரும் மேற்கொண்டு எதுவும் கேட்பதில்லை. கள்ளக்காசும் ஓட்டை விழுந்த காசும்தான் என் சேகரிப்பு என்றால் உடனே "ஏன்?" என்பார்கள். நான் பிறந்தது கரூர், வேலை பார்ப்பது இங்கிலாந்தில். இரண்டு ஊர் நண்பர்களும் இத்தனை வருடங்களாகக் கேட்ட கேள்விகளையும், சந்தையில் புதிதாக வாங்க வருபவர்கள் கேட்கும் கேள்விகளையும் இங்கே ஒன்றாக எழுதி வைக்கிறேன்.

கள்ளக்காசை யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா?

வாங்குவார்கள். இன்று நேற்றல்ல, ரோமானியர்களே வாங்கினார்கள். கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்துபோன மூத்த பிளினி, டெனாரியஸ் என்ற வெள்ளிக்காசின் கள்ள மாதிரியை மக்கள் உற்றுப் பார்த்து ஆராய்வதையும், ஒரு கள்ளக்காசுக்குப் பல நல்ல காசுகளை விலையாகக் கொடுப்பதையும் எழுதி வைத்திருக்கிறார். கலைகளிலேயே இந்த ஒன்றில்தான் குற்றத்தைப் பாடமாகப் படிக்கிறார்கள் என்பது அவருக்கு வியப்பு. ஆக, இந்தச் சேகரிப்புக்கு வயது கிட்டத்தட்ட 2,000 வருடங்கள்.

நான் சேகரிப்பதற்குக் காரணம் வேறு. நல்ல காசு அக்கசாலையிலிருந்து, அதாவது அரசு காசு அடிக்கும் இடத்திலிருந்து வந்தது. அதில் தெரிவது பேரரசர் சொல்ல நினைத்தது மட்டும்தான். கள்ளக்காசில் அதைச் செய்தவனின் கை தெரிகிறது, ஏமாந்தவன் தெரிகிறான், சந்தேகப்பட்டு உளியால் வெட்டிப் பார்த்தவனும் தெரிகிறான். ஓட்டைக்காசில் அதைக் கழுத்தில் கட்டிக்கொண்ட ஒரு பெண்ணோ குழந்தையோ இருக்கிறது. வியாபாரிகள் "பழுது" என்று ஒதுக்குவதில்தான் சாதாரண மனிதர்களின் தடயம் மிச்சமிருக்கிறது என்பது என் அனுபவம்.

எதையெல்லாம் கள்ளக்காசு என்கிறீர்கள்?

ஒரே பெயரில் நாலு வகைகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். செம்பின் மேல் வெள்ளி போர்த்தி ஏமாற்றியது ஒன்று. இதைச் சேகரிப்பாளர்கள் 'ஃபூரே' என்பார்கள். உள்ளே வேறு எதையோ வைத்துத் திணித்தது என்ற பொருளில் வந்த பிரெஞ்சுச் சொல். இரண்டாவது, நல்ல காசைக் களிமண்ணில் பதித்து அச்செடுத்து உலோகத்தை ஊற்றி வார்த்தது. மூன்றாவது, சில்லறைத் தட்டுப்பாட்டால் மாகாணங்களில் ஊர்க்காரர்களே அடித்துக்கொண்ட செம்புக் காசு. அதில் ஏமாற்றும் எண்ணம் குறைவு, தேவைதான் அதிகம். நாலாவது, பேரரசின் எல்லைக்கு வெளியே, இந்தியாவிலும் இலங்கையிலும் ஐரோப்பாவின் வடக்கிலும், ரோமானியக் காசைப் பார்த்துச் செய்தவை. இவற்றில் பல நகைக்காகச் செய்தவை, செலவழிக்க அல்ல.

சுற்றுலாப் பயணிகளின் தலையில் கட்ட நேற்று செய்த போலி இந்தக் கணக்கில் வராது. அதைக் கண்டுபிடிப்பதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

செம்பின் மேல் வெள்ளியை எப்படிப் போர்த்தினார்கள்?

முலாம் பூசுவது என்றதும் நமக்கு மின்சாரத் தொட்டி நினைவுக்கு வரும். அது 19ஆம் நூற்றாண்டு வேலை. ரோமானியக் கள்ளன் செய்தது வேறு: வட்டமான செம்புத் தகட்டின் மேல் மெல்லிய வெள்ளித் தகடுகளை இரண்டு பக்கமும் வைத்து, விளிம்பில் மடித்துச் சுற்றி, உலையில் காய்ச்சினான். தனி வெள்ளி உருக 962 டிகிரி செல்சியஸ் வேண்டும், தனிச் செம்புக்கு 1,085. ஆனால் இரண்டும் சரியான விகிதத்தில் கலந்தால் 779 டிகிரியிலேயே உருகிவிடும். எனவே வெள்ளியும் செம்பும் தொடும் இடத்தில் மட்டும் லேசாக உருகி, பற்றவைத்தது போல ஒட்டிக்கொள்ளும். அந்தச் சூட்டோடு இரண்டு அச்சுக்கும் நடுவே வைத்து ஓங்கி அடித்தால் காசு தயார். வேதியியல் பாடம் படிக்காதவன் செய்த இந்த வேலை 2,000 வருடங்கள் கழித்தும் உரியாமல் நிற்கிறது.

என்னிடம் உள்ள ஒன்றைச் சொல்கிறேன். தலைப்பக்கம் அகஸ்டஸ். பூப்பக்கம் அவருடைய பேரன்கள் கயஸும் லூசியஸும் நடுவில் கேடயங்களோடு நிற்கிறார்கள். பெரிய எழுத்தெல்லாம் சரியாகவே இருக்கிறது. கையில் வாங்கியதும் எனக்கு உறுத்தியது எடைதான்: நல்ல டெனாரியஸ் அந்தக் காலத்தில் 3.9 கிராமுக்குக் கொஞ்சம் கீழே இருக்கும், இது 2.9தான். பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியை வைத்துப் பார்த்தால், பேரரசரின் மூக்கு நுனியில் வெள்ளி தேய்ந்து பழுப்பாகச் செம்பு எட்டிப் பார்க்கிறது. தலைப்பக்கம் அதிகம் தேயும் இடம் மூக்கும் காதும் கன்னமும்தான், அங்கேதான் முதலில் குட்டு வெளிப்படும். விளிம்பில் ஓரிடத்தில் வெள்ளித் தகட்டின் மடிப்பு மெல்லிய கோடாகத் தெரிகிறது, புடவைக் கரை மடங்கியது போல. அதற்குப் பக்கத்தில் சின்னக் கொப்புளம். உள்ளே செம்பு பச்சையாகி உப்பி, வெள்ளியைத் தூக்கியிருக்கிறது. நான் வைத்திருப்பதில் இதைத்தான் அதிகம் கையில் எடுத்துப் பார்ப்பேன்.

அந்தக் காலத்தில் இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

கண், கை, மூக்கு, கடைசியாகக் காது. தத்துவ ஆசிரியர் எபிக்டெடஸ், காசு சோதிப்பவரை உதாரணம் காட்டும்போது இந்த வரிசையில்தான் சொல்கிறார். காசைக் கீழே போட்டு ஓசையைக் கேட்பாராம். ஒரு தடவை கேட்டுத் திருப்திப்பட மாட்டாராம். வெள்ளியின் கணீர் ஓசை செம்புக் கருவிலிருந்து வராது. நம் ஊர்க் கடைகளில் ஒரு காலத்தில் வெள்ளி ரூபாயைக் கல்லின் மேல் சுண்டிப் பார்த்ததும் இதே கலைதான்.

இந்த வேலைக்குத் தமிழில் தனிச் சொல்லே இருந்தது: வண்ணக்கன். காசின் தரம் பார்ப்பவர். சங்கப் புலவர்களில் வடமவண்ணக்கன் தாமோதரனார், வடமவண்ணக்கன் பேரிசாத்தனார் என்று இந்தத் தொழிலைப் பெயரோடு சேர்த்து வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ரோமானியக் காசு கொங்கு நாட்டுக்கு வந்து குவிந்த காலத்தில் காசு பார்க்கத் தெரிந்தவர் பாட்டும் எழுதினார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

ரோமில் இது பெரிய அரசியலாகவே ஆனது. கி.மு. 80களில் எது நல்ல காசு, எது கள்ளம் என்று யாருக்கும் நிச்சயமில்லை. ரோமானியப் பேச்சாளர் சிசரோ எழுதியிருப்பதன்படி, தன்னிடம் எவ்வளவு பணம் இருக்கிறது என்றே ஒருவனால் சொல்ல முடியாத நிலை. கி.மு. 85 வாக்கில் பிரேட்டர்கள் என்ற உயர் நீதி அதிகாரிகளும் மக்கள் தலைவர்களும் கூடி, காசைச் சோதிக்கவும் குற்றவாளியைத் தண்டிக்கவும் ஓர் ஆணை எழுதினார்கள். மாலையில் எல்லாரும் சேர்ந்து மேடையேறி அறிவிப்பதாகப் பேச்சு. ஆனால் மாரியஸ் கிராடிடியானஸ் என்ற பிரேட்டர் மட்டும் கூட்டத்திலிருந்து நேராக மேடைக்குப் போய், தன் பெயரில் தனியாக அறிவித்துவிட்டார். மக்கள் தெருவுக்குத் தெரு அவருக்குச் சிலை வைத்து, சாம்பிராணி போட்டு, விளக்கேற்றினார்கள். காசு சோதனைக்கு வழி செய்த ஒருவருக்கு இப்படி மரியாதை நடந்தது என்றால், கள்ளக்காசு எவ்வளவு வயிற்றெரிச்சலைக் கொடுத்திருக்க வேண்டும்! மூன்றே வருடங்களில், உள்நாட்டுப் போரில் தளபதி சுல்லாவின் வெற்றிக்குப் பின் அவர் கொடூரமாகக் கொல்லப்பட்டார்.

சோதித்த காசைப் பையில் கட்டி, எலும்பிலோ தந்தத்திலோ செய்த சின்னக் குச்சி ஒன்றைத் தொங்கவிடுவார்கள். சோதித்த அடிமையின் பெயர், எசமான் பெயர், 'ஸ்பெக்டாவிட்' என்ற சொல், தேதி எல்லாம் அதில் இருக்கும். அந்தச் சொல்லின் பொருள் 'பார்த்துவிட்டான்'. அதற்குப் பின் பையைப் பிரித்து எண்ண வேண்டியதில்லை.

காசின் மேல் இருக்கும் வெட்டும் சின்னச் சின்ன முத்திரையும் என்ன?

வெட்டு, உளியால் உள்ளே பார்த்த அடையாளம். பிறை, நட்சத்திரம், எழுத்து போன்ற குட்டி முத்திரைகள் காசு மாற்றுபவர்கள் குத்தியவை. ஒருவர் சோதித்த காசை இன்னொருவர் மறுபடி சோதித்திருப்பார், ஒரே காசில் நாலைந்து முத்திரை இருக்கும். முத்திரை இருந்தும் உள்ளே செம்பாக இருக்கும் காசுகளும் உண்டு. விளிம்பை ரம்பப்பல் போல வெட்டிய டெனாரியஸ் வகை ஒன்று இருக்கிறது. உள்ளே வெள்ளிதான் என்று காட்டத்தான் இப்படி என்று பலரும் சொல்வார்கள். ஆனால் ரம்பப்பல்லோடு ஃபூரேக்களும் கிடைக்கின்றன. கள்ளன் பல்லை வெட்டிவிட்டு அதன் மேலும் வெள்ளியைப் போர்த்தியிருக்கிறான். ஜெர்மானியர்களுக்கு இந்தப் பல்லுக்காசு பிடிக்கும் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிடஸ் எழுதியிருக்கிறார்.

அரசே வெள்ளியைக் குறைத்ததே, அதுவும் கள்ளக்காசுதானே?

சட்டப்படி இல்லை. நீரோ கி.பி. 64இல் டெனாரியஸின் எடையையும் வெள்ளியையும் குறைத்தார். செப்டிமியஸ் செவெரஸ் காலத்தில் கிட்டத்தட்ட பாதிதான் வெள்ளி. கரகல்லா 215இல் கொண்டுவந்த புதுக் காசு 270ஐ நெருங்கும்போது நூற்றுக்கு 5 பங்கு வெள்ளிகூட இல்லாமல் போனது. செம்பின் மேல் வெள்ளிப் பூச்சு மட்டும்தான். பேரரசர் செய்தால் கொள்கை, ஊரான் செய்தால் குற்றம் என்று அன்றைக்கும் யாராவது முணுமுணுத்திருப்பார்கள்.

271 வாக்கில் ரோம் அக்கசாலைத் தொழிலாளர்களே கலகம் செய்தார்கள். ஃபெலிசிசிமஸ் என்ற அதிகாரியின் கீழ் காசில் கைவைத்ததற்காகப் பேரரசர் அவ்ரேலியன் தண்டிப்பார் என்ற பயம்தான் காரணமாம். அடக்குவதற்குள் 7,000 வீரர்கள் இறந்ததாகப் பிற்கால எழுத்தாளர்கள் சொல்கிறார்கள். எண்ணிக்கை கூடுதலாக இருக்கலாம். கலகம் நடந்தது நிஜம்.

ஃபூரேக்களையும் அக்கசாலையே வெளியிட்டிருக்கும் என்று முன்பு சிலர் நம்பினார்கள். இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. ஒரு பேரரசரின் தலையும் வேறொருவர் காலத்துப் பூப்பக்கமும் ஒட்டிய பொருந்தாத ஜோடிகள், பிழையான எழுத்துகள் எல்லாம் இவற்றில் அதிகம்.

மாட்டினால் என்ன தண்டனை?

சுல்லா கி.மு. 81இல் கொண்டுவந்த சட்டம் பொய் உயிலையும் பொய்க் காசையும் ஒரே குற்றமாகப் பார்த்தது. பின்னால் வந்த சட்ட நூல்களில் தண்டனை ஆளைப் பார்த்து மாறுகிறது: மேல்தட்டுக்காரனுக்கு நாடுகடத்தல், எளியவனுக்குச் சுரங்கம் அல்லது சிலுவை, அடிமைக்கு மரணம். 4ஆம் நூற்றாண்டில் தங்க சாலிடஸைப் போலியாக அடித்தால் தீயில் எரித்தார்கள்.

வார்ப்புக் காசை எப்படிச் செய்தார்கள்? அச்சு கிடைத்திருக்கிறதா?

நிறையக் கிடைத்திருக்கிறது. பிரிட்டன், இன்றைய பிரான்ஸ், எகிப்து என்று பல இடங்களில் களிமண் அச்சுகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள், பெரும்பாலும் 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஈரக் களிமண் வில்லைகளுக்கு நடுவே நல்ல காசுகளை வைத்து அழுத்தி, வில்லைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இட்லித் தட்டு போல அடுக்குவார்கள். காசை எடுத்துவிட்டு, சுட்டு, பக்கவாட்டில் வாய்க்கால் வெட்டி, உருக்கிய உலோகத்தை ஊற்றினால் ஒரே தடவையில் பல காசு. பிறகு அச்சை உடைத்துப் போட்டுவிடுவார்கள். உடைந்த அந்த ஓடுகள்தான் நமக்குக் கிடைப்பது.

டான்யூப் எல்லையில் படைமுகாம்களைச் சுற்றிச் செவெரஸ் காலத்து டெனாரியஸைச் செம்பிலேயே வார்த்தவை ஏராளமாகக் கிடைக்கின்றன. வெள்ளி நிறமே இல்லாத இவற்றை யார் வாங்கினார்கள், எதற்குச் செலவழித்தார்கள் என்பது இன்னும் முடியாத விவாதம். எல்லையில் சில்லறைக்குப் பதிலாகப் புழங்கியிருக்கும் என்ற பக்கம்தான் என் மனம் சாய்கிறது. தெரிந்தே வாங்காமல் அவ்வளவு காசு கைமாறியிருக்காது.

இங்கிலாந்தில் கிடைக்கும் அந்தக் குட்டிக் காசுகள்?

எனக்கு ரொம்பப் பிடித்தவை இவை. 260 முதல் 274 வரை காலியா (இன்றைய பிரான்ஸ் பக்கம்), பிரிட்டன் பகுதிகள் ரோமிலிருந்து பிரிந்து தனிப் பேரரசாக இருந்தன. கடைசிப் பேரரசர் டெட்ரிகஸ் தோற்றதும் அந்தப் பகுதிக்கு வரும் காசின் வரத்து சுருங்கியது. கடைவீதிக்குச் சில்லறை வேண்டுமே? மக்களே அடித்துக்கொண்டார்கள். கதிர்போல முட்கள் நீட்டிய முடியோடு டெட்ரிகஸின் தலை, பின்னால் ஒரு தெய்வம். முதல் நகலில் முகம் ஓரளவு முகமாக இருக்கும். நகலைப் பார்த்து நகல், அதைப் பார்த்து இன்னொரு நகல் என்று போகப் போக எழுத்து வெறும் கோடாகிவிடும், தெய்வம் கோலத்தில் போடும் குச்சி பொம்மை போலக் கையை நீட்டி நிற்கும். சில காசு ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது, துவரம்பருப்பைவிடக் கொஞ்சம் பெரிது.

இதற்கு முன்னாலும் இப்படி நடந்தது. கி.பி. 43இல் பேரரசர் கிளாடியஸின் படை பிரிட்டனுக்குள் வந்தது. செம்புக் காசு போதவில்லை. மினெர்வா தெய்வம் ஈட்டியை எறிய ஓங்கும் அவருடைய 'ஆஸ்' என்ற செம்புக் காசை உள்ளூரில் நகலெடுத்தார்கள். படையே இதற்குக் கண்ணை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

நம் பக்கம் கிடைத்த ரோமானியக் காசுகளில் போலி உண்டா?

உண்டு. தென்னிந்தியப் புதையல்களில் மிக அதிகமாக வருவது இரண்டு வெள்ளிக் காசுகள்: மேலே சொன்ன அகஸ்டஸின் கயஸ்-லூசியஸ் வகையும், பின்பக்கம் ஒரு பெண் அமர்ந்திருக்கும் திபேரியஸின் காசும். அதே இரண்டு வகைகளுக்குத்தான் போலிகளும் வருகின்றன. வணிகர்கள் எதை நம்பினார்களோ அதைத்தான் கள்ளன் நகலெடுப்பான்.

புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் வெளிவந்த புதையலில் 501 தங்கக் காசுகள் இருந்தன. பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளி வெட்டு. பல காசுகள் இப்போது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இதைச் சோதனை வெட்டு என்று நினைத்துவிடக்கூடாது. வெட்டியவற்றில் முகத்தையே குறிபார்த்து வெட்டியிருக்கிறார்கள். இது காசாகச் செல்லாது, தங்கமாக மட்டும் எடை போட்டுக்கொள் என்று அறிவிக்கத்தான் என்பது ஒரு விளக்கம். எனக்கு அதுதான் பொருத்தமாகப் படுகிறது.

கரூரில் அமராவதி ஆற்று மணலில் 4, 5ஆம் நூற்றாண்டுச் செம்புக் காசுகள் கிடைத்திருக்கின்றன. தேய்ந்து தேய்ந்து வழுவழுப்பாக, படகு போன வழி தெரியாதது போல உருவமே மறைந்தவை. இலங்கையில் அதே காலத்து ரோமானியச் செம்புக் காசைப் பார்த்து உள்ளூரிலேயே நகல் செய்து புழங்கவிட்டார்கள். இரண்டும் சேர்ந்து, ரோமிலிருந்து இவ்வளவு தொலைவில் இந்தச் சின்னச் சில்லறைக்கு ஒரு தேவை இருந்ததைக் காட்டுகின்றன.

சரி, ஓட்டை ஏன் போட்டார்கள்?

கட்டிக்கொள்ள. காசுமாலை போட்ட வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். என் பாட்டியின் காசுமாலையில் இருந்த பிரிட்டிஷ் சவரன்களின் தலையில் வளையம் பற்றவைத்திருந்தது. அதே எண்ணம்தான் 1,800 வருடங்களுக்கு முன்பும். இந்தியாவில் கிடைத்த ரோமானியத் தங்கக் காசுகளில் பேரரசரின் தலைக்கு மேலே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டைகள் இருப்பது வழக்கம். ஒரே ஓட்டை என்றால் காசு சுழலும்; இரண்டு இருந்தால் முகம் நேராக நிற்கும். இரண்டு ஓட்டையைப் பார்த்தால் இது நம் பக்கத்து வேலையாக இருக்கலாம் என்று சேகரிப்பாளர்கள் முதலில் யோசிப்பார்கள். தங்கம் வாங்க முடியாதவர்கள்? தக்காணத்தின் பல ஊர்களில் திபேரியஸின் காசைப் பதித்த சுடுமண் பதக்கங்கள் கிடைத்திருக்கின்றன, மேலே கோக்க இடம் வைத்து. சுடுமண்ணில் ரோமாபுரி முகத்தை அணிந்தவர்கள் அவர்கள். என்னைக் கேட்டால் அவை தங்கத்தைவிட அழகு.

ஐரோப்பாவில் கதை வேறு. இங்கிலாந்தில் 5 முதல் 7ஆம் நூற்றாண்டு வரையிலான ஆங்கிலோ-சாக்சன் கல்லறைகளில் ஓட்டை போட்ட ரோமானியச் செம்புக் காசுகளைப் பெண்களோடும் குழந்தைகளோடும் புதைத்திருக்கிறார்கள். அப்போது அந்தக் காசு எங்கும் செல்லாது, தாயத்தாகத்தான் இருந்திருக்கும். 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்தியோக்கியாவில் கிறிஸ்தவப் போதகர் ஜான் கிறிசோஸ்தம், மக்கள் அலெக்சாண்டர் உருவமுள்ள செம்புக் காசைத் தலையிலும் காலிலும் கட்டிக்கொள்வதைக் கண்டித்துப் பேசியிருக்கிறார். கண்டிக்கும் அளவுக்கு அது பரவலாக இருந்திருக்கிறது.

நட்ட நடுவில் சதுர ஓட்டை இருந்தால் யோசிக்க வேண்டும். ரோமானிய ஆணியின் உடல் சதுரம். அந்தக் காசு கழுத்தில் தொங்கியிருக்காது. பெட்டியிலோ கதவிலோ அறைந்திருக்கலாம். நம் ஓட்டைக் காலணா போல அச்சிலேயே ஓட்டையோடு ரோமானியர்கள் காசு அடிக்கவில்லை, எனவே எந்த ஓட்டையும் ஒருவர் பின்னால் போட்டதுதான்.

பழைய ஓட்டையா, போன வருடம் துளைத்ததா? எப்படித் தெரியும்?

ஓட்டையின் உள்சுவரைப் பாருங்கள். காசின் மேலே என்ன களிம்பு இருக்கிறதோ அதே களிம்பு உள்ளேயும் இருந்தால் பழையது. உள்ளே செம்பு பளபளத்தால், அல்லது வெளியே பச்சையும் உள்ளே பெயின்ட் போன்ற ஒரே சீரான நிறமும் இருந்தால், கையை எடுத்துவிடுங்கள். ஆணியால் குத்தினால் ஒரு பக்கம் குழியும், மறுபக்கம் உதடு பிதுங்கும். அந்த உதட்டைச் சுத்தியால் தட்டி அமுக்கியிருப்பார்கள். துளைப்பான் போட்டால் சுவர் நேராக, வட்டம் துல்லியமாக இருக்கும், சில நேரம் திருகுக்கோடும் தெரியும். அப்புறம் கயிறு: வருடக்கணக்காகத் தொங்கிய காசில் ஓட்டையின் மேல் ஓரம் மட்டும் வழவழவென்று தேய்ந்து, வட்டம் முட்டை வடிவாகியிருக்கும். இதைப் போலியாகச் செய்ய யாரும் சிரமப்படுவதில்லை.

பழைய ஓட்டை என்றாலே ரோமானியக் காலத்து ஓட்டை என்று பொருளில்லை. பால்கன் நாடுகளிலும் துருக்கியிலும் சில நூற்றாண்டுகளுக்கு முன்வரை பெண்கள் தலையணியில் பழைய காசைத் துளைத்துத் தைத்தார்கள்.

அடைத்த ஓட்டை என்கிறார்களே?

தங்கக் காசில் நடப்பது. ஓட்டையைத் தங்கத்தால் அடைத்து, போன எழுத்தை மேலே செதுக்கி, முழுக்காசு விலைக்கு விற்பார்கள். சொல்லி விற்றால் குற்றமில்லை. விற்பவர் சொல்லாவிட்டால், பேரரசரின் தலைக்கு மேலே எழுத்து ஒரு இடத்தில் மட்டும் தடித்தோ மெலிந்தோ இருக்கிறதா, பின்பக்கம் அதே இடத்தில் பரப்பு மாறுகிறதா என்று பாருங்கள். ஓட்டையைக் காதலிப்பவனுக்கு இது வயிற்றெரிச்சலான விஷயம். ஒரு மனிதரின் கழுத்தில் இருந்த சாட்சியை அழித்துவிடுகிறார்கள்.

இந்தக் காலத்துப் போலியிடமிருந்து எப்படித் தப்புவது?

போலி செய்வதற்கும் நீண்ட வரலாறு உண்டு. படுவா நகரத்து ஜொவான்னி ட கவினோ (1500–1570) ரோமானியப் பெருங்காசுகளைப் பார்த்துச் செய்த பதக்கங்கள் இன்று தனியாகச் சேகரிக்கப்படுகின்றன. கார்ல் வில்ஹெல்ம் பெக்கர் (1772–1830) அச்சை அவரே செதுக்கிப் பழைய காசுகளை அடித்தார்.

இன்றைய மலிவுப் போலி பெரும்பாலும் வார்ப்பு: விளிம்பில் இணைப்புக் கோடு, சோப்பு போல மழுங்கிய எழுத்து, குமிழிக் குழிகள். ஆனால் இங்கே ஒரு பொறி இருக்கிறது. பழங்காலக் கள்ளக்காசிலும் வார்ப்பு உண்டு, அதிலும் கோடும் குமிழியும் இருக்கும்! எனவே வார்ப்பு என்பதால் மட்டும் ஒதுக்காதீர்கள். களிம்பு உலோகத்தோடு ஒன்றிப் படிந்திருக்கிறதா, மேலே பூசியதா என்பதைப் பாருங்கள். ஊசி முனையால் ஓரத்தில் லேசாகத் தொட்டால் பூச்சு தூளாக உதிரும், பழைய களிம்பு உதிராது. ஒரே கொப்புளம், ஒரே கீறலோடு இரண்டு காசு விற்பனைக்கு வந்தால் குறைந்தது ஒன்றாவது போலி.

இந்தத் துறையில் நானும் ஏமாந்திருக்கிறேன். படத்தை மட்டும் பார்த்து ஒரு வியாபாரியிடம் 'பழைய ஃபூரே' என்று வாங்கியது, வீட்டில் தண்ணீரில் தொங்கவிட்டு எடை போட்டபோது ஈயக் கலவை என்று தெரிந்தது. வெள்ளியின் அடர்த்தி 10.5, செம்பு கிட்டத்தட்ட 9. ஃபூரே இரண்டுக்கும் நடுவில் வர வேண்டும். நடுவில் வராத எதையும் அதற்குப் பின் நான் வாங்கவில்லை.

எப்படிச் சுத்தம் செய்வது?

புளி போட்டுத் தேய்க்காதீர்கள். குத்துவிளக்குக்கு நல்லது, காசுக்கு எமன். எலுமிச்சையும் வினிகரும் அப்படியே. ஃபூரேயில் அமிலம் பட்டால் வெள்ளிக்கு அடியில் இருக்கும் செம்பு கரைந்து, போர்வை மட்டும் பொரிந்து உதிரும். காய்ச்சி வடித்த தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி, மூங்கில் குச்சியால் மண்ணைத் தள்ளினால் போதும். வெளிர்ப்பச்சை மாவு போலப் பொடிந்தால் அது களிம்பு அல்ல, குளோரைடு நோய். அந்தக் காசைத் தனியாக வைத்து, ஈரம் போகக் காயவைத்து, தெரிந்தவரிடம் காட்டுங்கள். ஓட்டைக்குள் இருக்கும் மண்ணைக் கிளறாதீர்கள். சில நேரம் நூலின் தடம் அங்கே மிஞ்சியிருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் மண்ணுக்கடியில் புதையல் கிடைத்தால், 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது என்றால், மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும். 1878இலிருந்து அதுதான் சட்டம். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடத்துக்கு மேற்பட்ட நாணயத்தைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். ஆற்று மணலைச் சலித்து எடுத்ததை யாராவது கொண்டுவந்து நீட்டினால் வாங்காதீர்கள். எங்கே, எந்த அடுக்கில், எதோடு கிடைத்தது என்ற செய்தி அந்த நொடியிலேயே செத்துவிடுகிறது. கரூர்க்காரன் என்பதால் இதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் உலோகங்காட்டியோடு வயலில் தேடுபவர்கள் தங்கள் கண்டுபிடிப்பைப் பதிவு செய்ய ஒரு திட்டம் இருக்கிறது. அந்தப் பதிவு எண்ணோடு வரும் காசையே தேடி வாங்குகிறேன். ஓட்டைக்காசு எந்த ஊர் வயலில் கிடைத்தது என்று தெரிந்தால் அதன் மதிப்பு எனக்கு இரட்டிப்பு.

புதிதாகத் தொடங்குபவர் முதலில் எதை வாங்கலாம்?

டெட்ரிகஸின் நாட்டு நகல்கள். சில பவுண்டுகளுக்குக் கிடைக்கும்; அந்த விலைக்கு இன்றைய போலி செய்ய யாரும் மெனக்கெட மாட்டார்கள். பிறகு ஒரு ஃபூரே, செம்பு தெரியும்படி உரிந்தது. உரிந்தது விலை குறைவு, ஆனால் படிக்க அதுதான் வசதி. ஓட்டை இருந்தால் முழுக்காசின் விலையில் பாதிக்கும் கீழே போகும், எனவே சாதாரணமாகக் கைக்கு எட்டாத தங்கத்தையும் ஓட்டையோடு யோசிக்கலாம். தராசு 0.01 கிராம் காட்டுவதாகவும், பூதக்கண்ணாடி பத்து மடங்குள்ளதாகவும் இருக்கட்டும்.

குறிப்பேட்டில் என்னென்ன எழுத வேண்டும்?

எடை, குறுக்களவு, அச்சின் திசை, எங்கே யாரிடம் வாங்கியது. ஓட்டைக்காசு என்றால் கடிகார முள்ளை வைத்து ஓட்டையின் இடத்தையும், எந்தப் பக்கத்திலிருந்து குத்தினார்கள் என்பதையும் கட்டாயம் எழுதுங்கள். ரோமானியக் காசுகள் பலவற்றில் ஒரு பக்கம் நேராக இருந்தால் மறுபக்கம் தலைகீழாக இருக்கும், அச்சு ஆறு மணித் திசை என்பது அதுதான். எனவே ஓட்டை எங்கே இருக்கிறது என்பதை வைத்து, அணிந்தவர் எந்தப் பக்கத்தை உலகுக்குக் காட்டினார் என்று சொல்லிவிடலாம்.

என் ஏட்டிலிருந்து ஒரு பதிவு: கான்ஸ்டன்டைன் காலம், 330–335, 'குளோரியா எக்ஸெர்சிடஸ்' வகை, அதாவது படையின் புகழ். செம்பு, 17 மில்லிமீட்டர், 2.12 கிராம், அச்சு ஆறு மணித் திசை. ஓட்டை தலைப்பக்கத்தில் ஆறு மணியில், பேரரசரின் கழுத்துக்குக் கீழே, பூப்பக்கத்திலிருந்து குத்தியது, கயிறு தேய்த்த பக்கம் விளிம்பை ஒட்டி. தொங்கவிட்டால் பேரரசர் தலைகீழ். கொடிக்கம்பங்களுக்கு இரண்டு பக்கமும் ஈட்டியோடு நிற்கும் படைவீரர்கள் இருவரும் நேராக நிற்கிறார்கள்.